கீழ்ப்பல்லின் விரிசல்

ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் இருதயராஜின் வாய்க்குள், கீழ்க் கடைவாய்ப்பல்லில் மயிரிழை அளவு விரிசல் விழுந்திருந்தது. இன்னொரு முறை அழுத்திக் கடித்தால் இரண்டாகப் பிளந்துவிடும் என்று அதற்குத் தெரியும். பிளந்தால் அடுத்தது குறடுதான்.

“அண்ணே, கொஞ்சம் அமுக்காம இருங்களேன்” என்று அது மேல்பல்லிடம் கெஞ்சியது.

“நானா அமுக்குறேன்? மேல்தாடை என்னைக்காவது அசைஞ்சு பார்த்திருக்கியா? நான் இருந்த இடத்துலயே இருக்கேன். வந்து வந்து முட்டுறது நீதான் தம்பி.”

இத்தனை வருஷமும் கீழ்ப்பல் அண்ணனைத்தான் திட்டிக்கொண்டிருந்தது.

“அவரை ஏன் கேக்கறே, என்னைக் கேளு” என்றது நடுவில் கிடந்த நாக்கு. “நான் ‘சரிங்க சார்’னு சொல்லி முடிச்சதும்தான் உங்க நறநறப்பு ஆரம்பிக்குது.”

“அப்ப வேற எதையாவது சொல்லித் தொலையேன்” என்றது கீழ்ப்பல்.

“சொன்னா வேலை போயிடும்டா. அப்புறம் நீங்க எதை மெல்லுவீங்க?”

அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்து நின்றார்.

“இருதயராஜ், இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்துடு.”

தொடர்ந்து ஆறாவது ஞாயிறு. தாடை இறுகியது. கீழ்ப்பல் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. நிறுத்திக்கொள்ள அதனால் முடியவில்லை. அண்ணன் நெருங்கிக்கொண்டே வந்தார்.

நாக்கு ஒரு கணம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு புரண்டது.

“மாட்டேங்க சார்.”

‘மா’ என்று வாய் திறந்ததில் கீழ்ப்பல் சட்டென்று கீழே இறங்கியது. உள்ளே புகுந்த ஏசிக் காற்று விரிசலில் பட்டுச் சுரீரென்றது. மேலாளர் என்ன சொல்லப்போகிறார் என்று மூன்றும் காத்திருந்தன, ஒன்றையொன்று தொடாமல்.