உரிமையாளர் கட்டம்

வைக்கோல் கட்டின்மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, கொட்டகையில் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலையில் பிரகதீஸ்வரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

திரையில் சென்னையிலிருந்து மேனேஜர் ஜெரால்டு. நடுநடுவே அவள் தோளுக்கு மேலே ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை.

அவள் ஒரு கருவி செய்திருந்தாள். ஒரு டேட்டாபேஸில் என்னென்ன அட்டவணை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் என்னென்ன கட்டம், அந்தக் கட்டத்துக்கு என்ன விதி என்று ஏ.ஐ. ஏஜென்ட்டுகளுக்குக் காட்டுகிற கருவி. அமைப்பை மட்டும்தான் காட்டும். உள்ளே எழுதியிருப்பதில் ஒரு எழுத்து வெளியே வந்தாலும் போச்சு, அப்படிப்பட்ட கருவியை எந்த வாடிக்கையாளரும் கிட்டச் சேர்க்கமாட்டார்.

இன்று தேறினால் அது அவள் பெயரோடு வெளிவரும். தேறாவிட்டால் பெங்களூர் குழுவுக்குப் போய்விடும். அவர்களும் அதற்காகத்தான் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள்.

ஆபீஸ் டேட்டாபேஸ் வேண்டாம், நீயே பார்த்திராத ஒன்றில் ஓட்டிக் காட்டு என்று சொல்லிவிட்டார் ஜெரால்டு.

அதற்குத்தான் அப்பா ஆத்மநாதன் இருக்கிறாரே! மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு, தன் ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கென்று அவரே ஒரு டேட்டாபேஸ் போட்டு வைத்திருந்தார். இருக்கிற ஐந்து மாட்டுக்கு இதெல்லாம் எதுக்குப்பா என்று அவள் கிண்டல் செய்யாத நாளில்லை. அன்னவாசல் பக்கம் இப்படி ஒரு கொட்டகை வேறு எங்கும் இருக்காது.

ஏஜென்ட் உள்ளே எட்டிப் பார்த்து, வரிவரியாக எழுதத் தொடங்கியது.

காளையின் பெயர்: எழுத்து. காலியாக விடக்கூடாது.

பிறந்த நாள்: தேதி. காலியாக விடக்கூடாது.

கொம்பின் நீளம்: எண்.

யார் சொன்னால் கேட்கும்: எழுத்து.

எந்தக் காளையின் பெயரும் வெளியே வரவில்லை. எத்தனை காளைகள் என்றுகூட அதற்குத் தெரியவில்லை. பிரகதீஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது, போட்டிருந்தது சுடிதார் என்பதால் விட்டுவிட்டாள்.

கடைசி வரி வந்தது.

உரிமையாளர்: எழுத்து. பிரகதீஸ்வரி.

விதி வரவேண்டிய இடத்தில் ஓர் ஆளின் பெயர் வந்து நிற்கிறது.

“உள்ளே இருக்கிற பேர் வெளிய வந்துருச்சேம்மா” என்றார் ஜெரால்டு.

வாடிவாசலில் மாட்டை அவிழ்க்கும்போது மைக்கில் கூப்பிடுவது உரிமையாளரின் பெயரைத்தான். அந்த வீட்டுக் காளைகள் தாத்தா பெயரில் அவிழ்ந்தன, பிறகு அப்பா பெயரில். வருகிற பொங்கலிலிருந்து, சிங்கப்பூரில் இருக்கிற அண்ணன் சந்தோஷ்குமார் பெயரில்தான் என்று ஊரே பேசிக்கொண்டது. அந்தக் கட்டத்தில் அவள் பெயருக்கு வேலையே இல்லை.

கருவி எதையோ எடுத்து எதனோடோ சேர்த்துவிட்டது என்று நினைத்தாள். இத்தனை மாத உழைப்பும் பாழ். எங்கே பிசகியது என்று கருவியின் நிரலைத் திறந்து தேடத் தொடங்கினாள்.

பின்னால் காளைகளுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்த ஆத்மநாதன் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து, மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து கேமராவைப் பார்த்தார்.

“அது உள்ள எழுதுன பேரு இல்லைங்க சார். அந்தக் கட்டத்தை நிரப்பாம விட்டா, தானா அந்தப் பேரு விழுகட்டும்னு நான்தான் அமைச்சு வச்சுருக்கேன்.”

ஜெரால்டு அந்த வரியை இன்னொரு முறை படித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். அப்படியென்றால் அதுவும் அமைப்புதான், கருவி பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறது, தேறிவிட்டது என்றார். அடுத்த வாரமே வெளியிடலாம், உன் பெயரிலேயே, என்று சொல்லிவிட்டு அவர் திரையிலிருந்து போனார்.

பிரகதீஸ்வரி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவள் கருவி செய்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து ஒரு வார்த்தை பாராட்டியதில்லை அந்த மனிதர். இப்போதும் அவள் முகத்தைப் பார்க்காமல், காளையின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்வதிலேயே குறியாக இருந்தார்.

“அஞ்சுக்கும் ஒன் பேருதானே ஆத்தா. எத்தனை தடவைதான் அதையே அடிக்கிறது, வெரலு வலிக்குதுல்ல.”