கம்பத்தைச் சுற்றிய நிழல்

வடதுருவத்துப் பனியில் ஒரு கொடிக்கம்பம் நின்றது. கோடை முழுக்க அங்கே சூரியன் மறையவே இல்லை. கம்பத்தின் நிழலும் ஓயாமல் அதன் காலைச் சுற்றியது.

"ஒரு இடத்துல நிக்கத் தெரியாதா உனக்கு? தலை சுத்துது, போய்த் தொலை!" என்று கம்பம் சிடுசிடுத்தது.

"நான் சூரியனுக்கு எதிர்ப்பக்கமா அசையாமத்தான் நிக்கிறேன் அண்ணே. தரைதான் உங்களைச் சுழட்டுது" என்றது நிழல். கம்பம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றிவந்த பூமி, வடதுருவத்தை மெல்ல வெயிலுக்கு அப்பால் கொண்டுபோனது. நிழல் நீண்டு, மங்கி, ஒருநாள் காணாமல் போனது.

'விட்டது சனி' என்ற கம்பம், சில வாரங்களில் நன்றாக இருட்டியதும் அண்ணாந்து பார்த்தது. நட்சத்திரங்கள் அத்தனையும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. இத்தனை பேருமா வேலையற்றுப்போய் என்னைச் சுற்றுகிறார்கள்? கம்பத்துக்குச் சுருக்கென்றது.

"தம்பி, நீ சொன்னதுதான் சரி" என்று காலடியைப் பார்த்துச் சொன்னது.

கேட்க அங்கே யாரும் இல்லை. வெயில் வர இன்னும் பல மாதம் கிடந்தது.