ஸ்பிரிங் வால்வும் கட்டுக்கம்பியும்

ஐஸ் ஃபேக்டரியில், பனி பூத்த குழாய்களுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங் வால்வு இருந்தது. குழாயில் தேங்கும் எண்ணெயை வடிக்கும் வால்வு அது. கைப்பிடியை யாராவது அழுத்திப் பிடித்தால்தான் திறந்திருக்கும். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும்.

அன்று மிஷினைப் பார்த்துக்கொள்ளும் சூசை கால் மணி நேரம் பிடித்துப் பார்த்தார். கை கடுத்தது. ஒரு கட்டுக்கம்பியால் கைப்பிடியை இழுத்துக் கட்டினார்.

"பிடிச்சுக்கோ, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை. வால்விடம், "நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன்" என்றது.

எண்ணெய் தேன்போல வாளிக்குள் இறங்கியது. வால்வுக்குக் கண் செருகியது. கனவில் யாரோ கையை எடுத்தார்கள். அது நிம்மதியாக மூடிக்கொண்டது. விழித்துப் பார்த்தால் திறந்தே கிடந்தது.

"எண்ணெய் தீரப்போகுது. அடுத்து அம்மோனியா விஷவாயுதான் வரும். விடு, நான் மூடிக்கணும்" என்றது வால்வு.

"பிடிக்கத்தானே சொன்னாரு? விடச் சொல்லலையே."

வெண்புகை முதலில் நூலாக வந்தது. பிறகு பஞ்சானது, மேகமானது. வாளி மறைந்தது, சுவர் மறைந்தது. பக்கத்துக் கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருமியபடி வெளியே ஓடினார்கள். அவர்களில் பிலோமி மட்டும் வரவில்லை.

சூசை ஓடிவந்தார். கண் எரிந்தது, வாசலைத் தாண்ட முடியவில்லை. "பிலோமீ!" என்று கத்தினார்.

மேகத்துக்குள்ளிருந்து கம்பிதான் பதில் சொன்னது.

"அவசரமில்லைண்ணே, நிதானமா டீ குடிச்சிட்டு வாங்க. நான் இன்னும் விடலை."