காவல் முயல்

குடியிருப்போர் சங்கம் நாய்க்குத் தடை போட்டதும், அந்த அடுக்குமாடியின் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முயல் வாங்கி, அதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, வீட்டுக் காவலுக்கு விட்டார்கள். வாராவாரம் ஊசி போட வரும் ஜெசிந்தாவுக்கு அவர்களைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

அன்று தணிகாசலம் தன் வீட்டுக்கு வெளியே, மாடிப்படியில், இரண்டு காலிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நம்ம முயல் கடிச்சுடுச்சு. மூணு நாளா என்னை உள்ள விட மாட்டேங்குதும்மா. இந்த வேட்டிகூட வாட்ச்மேன் குடுத்ததுதான்."

ஜெசிந்தா தடித்த கையுறையை மாட்டிக்கொண்டாள். கேரட் தின்னும் பிராணிக்குப் பயந்து வீட்டையே விட்டுக்கொடுத்த மனிதருக்கு, மீசை முறுக்கு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

"மருந்த நிறுத்திடலாம் சார். ரெண்டு மாசத்துல பழையபடி சாதுவாயிடும்."

எதிர்வீட்டுக்குள்ளிருந்து அவர்கள் முயல் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு எவ்வளவும்மா போடுற?"

"அரை மில்லி சார்."

"அப்ப நம்மளுதுக்கு முக்காலாப் போட்டுடு" என்றவர், கட்டுப் போட்ட கால்களை மெல்ல நகர்த்தி, இன்னும் இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டார்.