புகையும் புகாரும்

தையல்காரரின் மனைவி கொல்லையில் காய்ந்த சருகைக் குவித்துத் தீ வைத்த சற்று நேரத்தில், நகராட்சி அதிகாரி வந்து நின்றார்.

"திறந்த வெளியில எரிக்கக் கூடாதும்மா. மறுபடி எரிச்சா அபராதம்தான்."

"எந்தப் பொறாமை பிடிச்சவன் போட்டுக் கொடுத்தான்?" என்று அவள் பொங்கினாள்.

"அதானே! நம்ம கொல்லை, நம்ம சருகு!" என்று தையல்காரரும் இருமலுக்கு நடுவே எகிறினார்.

முணுமுணுத்தபடியே அவள் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தாள்.

வழியனுப்பும் சாக்கில் தெருமுனை வரை போன தையல்காரர், அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். ஃபோன் பண்ணினது நான்னு அவளுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டா."

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுலயும் தினம் இதே புகைதான் சார். நாளைக்கு என் மேலதிகாரின்னு சொல்லிக்கிட்டு வந்து, ஒரு அதட்டு போட்டுட்டுப் போறீங்களா?"