சந்தவாசல் ஸ்டாப்பிங்

குதிகாலில் ஆணி இறக்கியதுபோல வலித்தது. விடிய விடிய இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்றும் நடந்தும் கெண்டைக்கால் கல்லாகிப்போயிருந்தது.

குமரேசன் செருப்பை உதறினான். மூடி வைத்திருந்த சோற்றுப் பக்கம்கூடத் திரும்பாமல் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

சத்யப்ரியா வேலைக்குப் போய்விட்டாள். தலையணையில் அவள் தலை அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது.

அவனுக்கு விசைத்தறியில் ராத்திரி ஷிப்டு. பெண்டாட்டிக்கு செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் பகல் ஷிப்டு. கம்பெனி பஸ் அவளைக் கொண்டுவந்து இறக்கும்போது அவன் தறி ஓட ஆரம்பித்திருக்கும். அவன் தறியை நிறுத்தும்போது அவள் பஸ் ஊரைத் தாண்டியிருக்கும்.

பக்கத்துப் போர்ஷன் கன்னியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாப்பா, ஒரே பாயை ரெண்டு பேருக்குத் தனித்தனியா வாடகைக்கு வுட்டுகினு கீறீங்களா?" என்பாள் குழாயடியில். அவனும் சிரித்துவைப்பான்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்ததென்று அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. லேப்டாப்பில் ஒரு பஸ் ஓட்டும் கேம். காலையில் அவன் ஓட்டுவான். அவன் விட்ட இடத்திலிருந்து ராத்திரி அவள் ஓட்டுவாள்.

அந்த கேமுக்கு நாமாகவே மோட் செய்து சேர்க்கலாம். பஸ், ரோடு, ஏறுகிற ஆட்கள், எதை வேண்டுமானாலும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அவன் ஆரணியிலிருந்து சந்தவாசல் போகிற ரோட்டைச் செய்தான், வேகத்தடை முதற்கொண்டு. அவளும் லீவு நாட்களில் உட்கார்ந்து ஒன்று செய்தாள். என்னவென்று போனில் கேட்டால் சொல்லவில்லை. அவன் ரோட்டில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

இரண்டு மோட்களையும் கையால் எடுத்து கேமுக்குள் போட்டால் அது பாதியில் நின்றது. ஒருமுறை ஒரிஜினல் ஃபைல்களே அழிந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று.

அதற்குத்தான் இந்தச் சின்ன டூல். டிப்ளமோவில் அரைகுறையாகக் கற்றதை வைத்து அவனே எழுதினான். ஒரிஜினலைத் தனியாகப் பத்திரப்படுத்தும். மோட்களை வரிசையாகக் காட்டும். டிக் அடித்து பட்டனை அமுக்கினால், வரிசைப்படி கேமுக்குள் கொண்டுபோய் வைக்கும். அவ்வளவுதான். தூங்க வேண்டிய காலைகளையெல்லாம் அதற்குக் கொடுத்தான்.

நேற்று அது முடிந்தது. வரிசையில் அவள் செய்ததை முதலில் வைத்தான். அவன் செய்ததை அதன் கீழே வைத்தான். அவள்தானே முதல்.

இப்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து அவளுடைய வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. பின்னால் பாட்டும் பெண்கள் சிரிப்பும்.

"கேமு நிக்காம ஓடுதுங்க. ஆனா நான் செஞ்சதக் காணோம். ஜல்தியா சோறு துன்னுட்டு சந்தவாசல் வரைக்கும் ரெண்டு வாட்டி போய்வந்துட்டேன், உங்க ரோடுதான் கீது. என்னை முதல்ல வெச்சிகிறேன்னு சொன்னீங்களே, இந்த அழகுலதானா? இன்னிக்கும் வரலன்னா அழிச்சிட்றேங்க. எனக்கும் பேஜாராய்டுச்சி. யாரு பாக்கறதுக்கு?"

கடைசி வார்த்தையில் சிரிப்பு இல்லை. அவன் திரும்பவும் போட்டுக் கேட்டான். இல்லை.

அவள் சொன்னால் செய்துவிடுவாள்.

டூலுக்கு எழுதியதை மேலிருந்து கீழாகப் படித்தான். ஒரு தப்பும் தெரியவில்லை. கண் எரிந்தது. குதிகாலைச் சுவரில் அழுத்திக்கொண்டு இன்னொரு முறை படித்தான்.

பிறகுதான் பிடிபட்டது. தப்பு அவன் பிழைப்பில் இருந்தது.

தறியில் முதலில் குறுக்கே ஓடிய ஊடை இழை அழியாது. அடுத்த இழை அதை ஒட்டிப் போய் உட்காரும். அவன் புத்தியும் அப்படியே பழகிப்போயிருந்தது. கம்ப்யூட்டர் அப்படியில்லை. ஒரே பேரில் இரண்டு ஃபைல் இருந்தால், பின்னால் வருவது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஏறுகிற ஆட்களின் ஃபைல் அவன் மோட்டிலும் இருந்தது, அவளுடையதிலும் இருந்தது.

அவளை முதலில் வைத்து, அவள்மேல் தன் ரோட்டைப் போட்டு மூடியிருக்கிறான்.

வரிசையை மாற்ற டூலில் வழியே வைக்கவில்லை. உட்கார்ந்து ஒரு அம்புக்குறியை எழுதிச் சேர்த்தான். அவள் செய்ததைக் கடைசிக்கு இறக்கி, பட்டனை அமுக்கினான்.

கேம் திறந்தது. ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்தான். வழியில் எந்த மாற்றமும் இல்லை. கடைசி வளைவு திரும்பியதும் சந்தவாசல் ஸ்டாப்பிங்கில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருத்திக்கு சத்யப்ரியாவின் முகம். போட்டோவை வெட்டிக் கோணலாக ஒட்டியிருந்தாள். பக்கத்தில் நின்றவனுக்கு அவனுடைய முகம். கல்யாண போட்டோவில் வெட்டியது. கழுத்தில் மாலையின் ஓரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

பிரேக் போட்டான். கதவைத் திறந்தான்.

இரண்டு பேரும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் வண்டியை எடுக்காமல் டிரைவர் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து, "பாத்துட்டேன் பிரியா, அழிக்காத" என்று பேசி அனுப்பினான். கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் அதைக் கேட்கும்போது அவன் தறியில் நிற்பான்.

தறிக்காரனுக்கு அமாவாசை லீவு. ஷூ கம்பெனிக்கு ஞாயிறு லீவு, ஆனால் ராத்திரி ஷிப்டு பார்த்தவன் அன்று பகலெல்லாம் தூக்கத்தில் கிடப்பான். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால்தான் இருவருக்கும் ஒரே பகல் கிடைக்கும்.

போன ஆடி அமாவாசை அப்படி விழுந்தது. பஸ் ஏறி சந்தவாசலில் இறங்கி, அங்கிருந்து படவேடு அம்மன் கோயிலுக்குப் போவதாகப் பேச்சு. அவள் தலை வாரிப் பூகூட வைத்துவிட்டாள். ஆவணி முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது, ஆள் இல்லை என்று முதலாளி சம்பந்தம் வாசலில் வந்து நின்றார். குமரேசன் அவர் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இன்னும் பாக்கி.