ஒரே சத்தம்

இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

ஒரு மணிக்கு வண்டிக்காரர் வந்துவிடுவார். அதற்குள் புகை நின்றால் அவளுக்கு இங்கே வேலை. நிற்காவிட்டால் வந்த பஸ்ஸிலேயே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர். பெட்ரோலை அள்ளிக் குடித்தது. எரிந்தது பாதி. மீதி கரும்புகையாகத் தெருவில் போயிற்று.

ஒர்க் ஷாப் முதலாளி சென்னியப்பன் ஆக்சிலேட்டரை முறுக்கினார். கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு வண்டியை அணைத்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டியா அம்மிணி? ரெண்டும் ஒரே சத்தம். நானே சுதி சேத்து வெச்சது. கார்புரேட்டர்ல ஒரு குத்தமும் இல்ல. எஞ்சினத்தான் பிரிக்கோணும். உன்ற காதுக்கு வேற ஏதாச்சும் பட்டா, நீயே பாரு.”

தலையாட்டினாள்.

சென்னியப்பனுக்கு மீசை இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

இதற்கு முன் இரண்டு இடங்களில், யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். இரண்டிலும் பிறகு தகவல் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இங்கே சொல்லவில்லை.

குனிவதற்கு முன் ஹேண்டில்பார் கண்ணாடியை லேசாகத் திருப்பி வைத்தாள். பின்னால் நிற்பவர்கள் அதில் தெரிந்தார்கள். மெக்கானிக் மரியதாஸ் டீ கிளாஸுடன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

“கெமிஸ்ட்ரி படிச்சுப்போட்டு பிளக்கு தொடைக்க வந்திருக்குது பாரு. மூணு தடவ கூப்பிட்டேன். திரும்பிச்சா? மண்டக்கனம்.”

அவள் பிளக்குகளைக் கழற்றினாள்.

இரண்டும் ஈரம். இரண்டும் கரி. விரலால் தொட்டால் மை போல ஒட்டியது.

துடைத்து மாட்டினாள். கிக்கரை மிதித்தாள். கால் வழியே அதிர்வு ஏறி முழங்காலில் நின்றது.

பிறகு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டு சைலன்சர்களுக்கும் எதிரே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தாள்.

மரியதாஸ் சிரிப்பது தெரிந்தது. குளிர்காய்கிறாளாம்.

சூடு. எண்ணெய்ப் பிசுபிசுப்பு. வலக்கையில் ஓர் உதை, இன்னோர் உதை, பிறகு ஒரு தடுக்கல். இடக்கையிலும் அதே. உதை, உதை, தடுக்கல்.

இரண்டும் ஒன்றுபோலத் தடுக்கின.

ஒருவன் தப்பாக எழுதிய விடையைப் பக்கத்தில் இருப்பவனும் பார்த்து எழுதியதுபோல. இரண்டு தாளும் ஒத்துப்போகும். விடை மட்டும் தப்பு.

அவள் கார்புரேட்டர் பக்கம் வந்தாள். இரண்டிலும் பித்தளை ஸ்க்ரூ அடிவரை முறுக்கப்பட்டிருந்தது. பெட்ரோலைக் குறைக்கத்தான் முறுக்கியிருப்பார்கள். இங்கே தினமும் வரும் வண்டிகளில் முறுக்கினால் பெட்ரோல் குறையும்.

ஆனால் இதில் ஸ்க்ரூ இருந்தது ஏர் ஃபில்டர் பக்கம்.

அது பெட்ரோலுக்கு அல்ல. காற்றுக்கு.

முறுக்க முறுக்க வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. புகை கூடியிருக்கிறது. புகை கூடக் கூட இவர்கள் இன்னும் முறுக்கியிருக்கிறார்கள்.

கொஞ்சமாகத் திறந்தாள். கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம். உள்ளே பெட்ரோலை அளந்து விடும் ஊசிகளையும் ஒரு வெட்டு கீழே இறக்கினாள். மறுபடியும் கை.

கல்லூரி ஆய்வகத்தில் பியூரெட்டின் குழாயைத் திருகும்போது, நிறம் மாறுவதற்கு முந்தைய துளியில் விரல்கள் தாமாகவே மெதுவாகும். இப்போதும் அப்படித்தான் மெதுவாயின.

வலக்கையில் உதை, உதை, உதை.

இடக்கையில் உதை, உதை, உதை.

தடுக்கல் இல்லை.

எழுந்து மரியதாஸைப் பார்த்தாள். வண்டியைச் சுட்டினாள். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, போனால் போகிறது என்று ஏறி உட்கார்ந்தான்.

சிக்னல் வரை போய்த் திரும்பினான். தெருவில் கரும்புகை இல்லை. சைலன்சருக்குப் பின்னால் மெல்லிய நீல இழை, அவ்வளவுதான். எதிர்க் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் வாயருகே கொண்டுபோன கையுடன் திரும்பிப் பார்த்தார்கள்.

“பட்டாட்டம் போகுதுங்ணா!” மரியதாஸ் இறங்கவே இல்லை. அவளிடம் சொன்னான்: “இந்தக் கைக்கு மண்டக்கனம் இருந்தாத் தப்பே இல்லீங்க.”

பிளக்குகளைக் கழற்றிச் சென்னியப்பனிடம் நீட்டினாள். ஈரமும் இல்லை, கரியும் இல்லை. டீயில் நனைத்த பிஸ்கட்டின் நிறம்.

அவர் அவற்றைப் பார்த்தார். மாட்டச் சொன்னார். தானே ஸ்டார்ட் செய்தார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார்.

ஆக்சிலேட்டரை இன்னும் இரண்டு முறை முறுக்கினார்.

வண்டியை அணைத்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

“இத்தன நாளா ரெண்டும் ஒண்ணாத் தப்புப் பண்ணியிருக்குது. எனக்குக் கேக்கல. உனக்குக் கேட்டிருக்குது. இப்படியொரு காத நான் பாத்ததே இல்ல அம்மிணி. நாளைக்குக் காலைல வேலைக்கு வந்துரு.”

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். எப்போதும் அதைத்தான் செய்வாள்.

கரி படிந்த கைகளைத் துணியில் துடைத்தாள். முழுவதும் போகவில்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்தாள். இந்த முறை உதடுகளை அல்ல.

எவ்வளவு உரக்கச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. எதிர்க் கடைக்காரர்கூடத் திரும்பினார்.

“எனக்குக் காது கேக்காதுங்க.”